மவுண்ட் ஹார்லனில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஏறுங்கோ பிள்ளை. கதவை இழுத்து அடியுங்கோ, மெல்லச் சாத்தினால் வழியில திறந்திடும். பையைப் பின்னுக்குப் போடுங்கோ. அந்தச் சாக்கில உப்பு, பனி உருக றோட்டுக்குப் போடுறது, பயப்பிடாதேங்கோ. சரி, வெளிக்கிடுவம்.

நான் சதாசிவம். நீங்கள் ராத்திரிப் படுத்தெழும்பின மோட்டல் என்ரதான். ஹீட்டர் சத்தம் போட்டிருக்குமே? போடும். சத்தம் நிண்டால்தான் யோசிக்க வேணும்.

எங்கட மேயர் டார்லின் இருக்கிறாவே, மேயரும் அவதான், பள்ளிக்கூட பஸ் ஓட்டுறதும் அவதான், காலமை வெள்ளனவே போன் அடிச்சுப்போட்டா. "சதா, டொக்டருக்கு ஊரைக் காட்டு. நல்லதை மட்டும் காட்டு. வாயைக் கொஞ்சம் பாத்துக்கொள்." நல்லதை மட்டும் காட்டுறதெண்டால் ஏன் பிள்ளை பெற்றோல் அடிப்பான்? மோட்டல் வாசலிலேயே நிண்டு முடிச்சிருக்கலாம்.

கதை என்னெண்டால், எங்கட ஆசுப்பத்திரியில டொக்டர் இல்லாமல் ஒரு வருசம் ஆகுது. உங்களுக்கு முதல் ரெண்டு பேர் ஊர் பாக்க வந்தவை. ரெண்டு பேரும் ஓடிப்போட்டினம். அவையளுக்கு ஊர் காட்டினது நான். அதால ஊர் முழுக்க என்ன கதை தெரியுமோ? சதாசிவம்தான் கலைச்சவனாம். நான் என்ன கல்லால எறிஞ்சனானோ? கேட்டதுக்கு உண்மையைச் சொன்னன். இந்த முறை வேற ஆளைத்தான் அனுப்புறதெண்டு கௌன்சிலில முடிவெடுத்தவை. பிறகு உங்கட பேரைப் பாத்துப்போட்டு, தமிழ்ப் பிள்ளையாம், சதாவே போகட்டும் எண்டு விட்டிட்டினம். ஊருக்குள்ள ரெண்டே ரெண்டு தமிழர். நானும் என்ர மனுசியும். அவ ஏலாமல் இருக்கிறா. வேற ஆரை அனுப்புறது?

அவவுக்கு என்னவோ? கிட்னி. ரெண்டும் போட்டுது. கிழமைக்கு மூண்டு தரம் சிட்டிக்கு ஏத்திக்கொண்டு போறன் ரத்தம் சுத்தப்படுத்த. போக ரெண்டரை மணித்தியாலம், வர ரெண்டரை. இதைச் சொல்லக் கூடாதெண்டு சொல்லித்தான் அனுப்பினவ. "என்ர வருத்தத்தைச் சொல்லி அந்தப் பிள்ளையைப் பிடிச்சு வைக்காதேங்கோ" எண்டவ. நான் பிடிக்கேல்லை. நீங்கள் கேட்டியள், சொன்னன். அவ்வளவுதான்.

இப்ப பூகோளம் சொல்லித் தாறன், கவனமாக் கேளுங்கோ. இஞ்ச இடப்பக்கம், வலப்பக்கம் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. தேத்தண்ணிக் கடையில சீனி எங்க எண்டு கேட்டாலும் "உனக்கு வடக்க" எண்டுவினம். றோட்டெல்லாம் சதுரக் கொப்பியில கோடு அடிச்ச மாதிரி. ஊருக்கு வெளியில ஒரேயொரு வளைவு இருக்கு. அதில வருசா வருசம் ஒருத்தன் வாகனத்தை வாய்க்காலுக்குள்ள இறக்குவான். வளைச்சுப் பழக்கமில்லை, பாவங்கள்.

வழி கேட்டாலும் இருக்கிறதைச் சொல்லாயினம். இல்லாததைத்தான் சொல்லுவினம். "பழைய பள்ளிக்கூடத்தில திரும்பு" எண்டுவினம். அது எரிஞ்சு போய் நாப்பது வருசம். வந்த புதுசில நான் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடி அரைநாள் சுத்தினனான். கடைசியா ஒரு கிழவனை மறிச்சுக் கேட்டால், "நீ அதுக்குள்ளதான் நிக்கிறாய்" எண்டு சொல்லுறான். வெறும் புல்லு!

ஊருக்குப் பேர் மவுண்ட் ஹார்லன். மலை இருக்கெண்டு நினைச்சனியளோ? சிரிக்காதேங்கோ, நானும் நினைச்சனான். தவமணி எனக்கும் மேல. தவமணிதான் என்ர மனுசி. கனடாவில மலையடியில வீடு எண்டு யாழ்ப்பாணத்தில சரசாலை முழுக்கச் சொல்லிப்போட்டுத்தான் பிளேன் ஏறினவ. வந்து இறங்கிப் பாத்தால் தோசைக் கல்லு மாதிரிக் கிடக்கு. ரயில் பாதை போட வந்த ஹார்லன் எண்ட துரைதான் இந்தப் பேரை வைச்சவனாம். மவுண்ட் எண்டு போட்டால் சனம் மயங்கிக் காணி வாங்கும் எண்டு. மயங்கினவை. நாங்கள் நூறு வருசம் பிந்தி வந்தும் மயங்கினனாங்கள். கெட்டிக்காரன்தான்.

அந்தா, வடக்க பாருங்கோ. பெரிய மரக் கோபுரம் தெரியுதே? அதுதான் எலிவேட்டர். முந்தி கோதுமை சேர்த்து வைச்சு ரயிலில ஏத்தினவை. இப்ப உள்ளுக்குப் புறா மட்டும்தான். ரயிலும் நிக்கிறேல்லை. கலியாண வீட்டில ஏழைச் சொந்தத்தைக் கண்ட மாதிரி, ஒரு ஹோர்ன் அடிச்சுப்போட்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போயிடும். அதை இடிக்க வந்த நேரம் இந்தச் சனம் கையைக் கோத்துக்கொண்டு சுத்தி நிண்டுது, பிள்ளை. மழைக்குள்ள! புறாக்கூட்டுக்கு இவ்வளவு பவுசு. விசர்ச் சனம்.

நானோ? ஓம், நானும் நிண்டனான்தான். மோட்டலில ஒருத்தரும் இல்லை, பொழுது போகேல்லை, அதுக்காகப் போய் நிண்டனான். படம் கூட பேப்பரில வந்தது. பிறகு காட்டுறன்.

இந்த மரங்கள் நல்ல வடிவு, என்ன? ஊருக்குள்ள நிழல் எண்டு இருக்கிறது இந்த ஒரு இடம்தான். காத்துக்கு மறைப்பு, வாங்கு போட்டிருக்கு, புல்லு வெட்டி அந்தமாதிரி வைச்சிருக்கினம். முதல் வந்த டொக்டர் ஒரு ஐரிஷ்காரன், மனுசியோட வந்தவன். நல்ல இடத்தை முதல்ல காட்டுவம் எண்டு நேரா இஞ்சதான் கூட்டிக்கொண்டு வந்தனான். அந்தப் பெட்டை இறங்கிச் சுத்திப் பாத்தாள். பிறகு அழத் தொடங்கிட்டாள். எனக்கு விளங்கேல்லை. சுடலைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மரம் இருக்கே! நான் ஆறுதலுக்கு, "இஞ்ச குளிர்காலத்தில செத்தால் உடனே புதைக்கேலாது பிள்ளை, நிலம் கல்லாகிடும், பனி உருகுமட்டும் வைச்சிருந்து வெயில் வந்தாப் பிறகு வடிவாச் செய்வினம்" எண்டு சொன்னன். ஒரு தகவலுக்குத்தான் சொன்னது. அண்டைக்குப் பின்னேரமே போட்டினம். மனுசி பயந்தாங்கொள்ளியாய் இருந்தால் அதுக்கு நான் என்ன செய்ய?

ரெண்டாவது ஆள் கேரளப் பெடியன். தங்கமான பெடியன். அவனுக்குச் சுடலை காட்டேல்லை, எனக்கும் மூளை இருக்குத்தானே. தை மாசம், விடியக்காலமை, சூரியன் வாறது இஞ்ச நல்ல வடிவு எண்டு வெளிக்குள்ள கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்டினன். மைனஸ் முப்பத்தெட்டு. பெடியன்ர கண்மயிர் ஒட்டிப்போச்சு. கண்ணைத் திறக்கேலாமல் நிண்டு, "அங்கிள், சூரியன் வந்திட்டுதோ?" எண்டு கேக்கிறான். நான் சூரியனைப் பத்தி நல்லாத்தான் எடுத்துச் சொன்னன். அவனும் போட்டான். இதுக்கும் நான்தான் பொறுப்பாம்.

சரி, இப்ப சிரிக்க ஆயத்தமாகுங்கோ. இந்த வளைவு திரும்பினால் எங்கட ஊரின்ர உலக அதிசயம். நீங்கள் ராத்திரி இருட்டில வந்ததால கண்டிருக்கமாட்டியள். இந்தா. கையுறை! சீமேந்துக் கையுறை, ரெண்டு மாடி உயரம். இந்தப் பக்கத்தில ஒவ்வொரு ஊரும் இப்படி ஒண்டைப் பெரிசாக் கட்டி வைக்கும், கார்க்காரர் நிப்பாட்டிப் படம் எடுத்து, அப்படியே ஒரு தேத்தண்ணியும் குடிப்பினம் எண்டு. எங்கட ஆக்கள் இருந்து யோசிச்சுக் கையுறை கட்டினவை. அதுவும் இடக்கை மட்டும். பாத்தியளே? பெருவிரல் கிழக்க காட்டுது. கிழக்க எங்களுக்கு ஆகாத ஊர். அங்க போ எண்டு நாங்களே கை காட்டி அனுப்புறம். காத்தடிச்சால் உள்ளுக்க ஊளையிடும். அதையும் நான்தான் என்ர மோட்டல் படுக்கையில கேட்டுக்கொண்டு கிடக்க வேணும்.

வலக்கை எங்கயோ? நல்ல கேள்வி. வலக்கைக்கும் காசு சேர்த்தவைதான். அப்பம் சுட்டு வித்து, லொத்தர் போட்டு, கிழவியள் போர்வை தைச்சு, வருசக்கணக்காச் சேர்த்தவை. அடித்தளமும் வெட்டியாச்சு, அந்தா புல்லு முளைச்சுக் கிடக்கு. அந்த நேரம் பாத்துத்தான் தவமணிக்கு வருத்தம் வந்தது. ஒரு நாள் கூட்டம் போட்டினம். என்னைக் கூப்பிடேல்லை. கை தூக்கினவையாம். வலக்கை வேண்டாம், அந்தக் காசுக்கு ரத்தம் சுத்தப்படுத்துற மெஷின் வாங்கி எங்கட ஆசுப்பத்திரியிலேயே வைப்பம் எண்டு. வாங்கியும் போட்டினம்! அதுக்கிடையில, இருந்த டொக்டர் பென்சன் எடுத்திட்டார். டொக்டர் இல்லாமல் அதை ஓட்டக் கூடாதாம், சட்டமாம். இப்ப கையும் இல்லை, மெஷினும் ஓடேல்லை. முதல்ல டொக்டரைப் பிடிச்சுப்போட்டெல்லோ மெஷின் வாங்கியிருக்க வேணும்? ஒரு ஒழுங்கு முறை தெரியாத சனம். நான் டார்லினிட்டையே சொன்னன், "ஆரம்மா உங்களைக் கேட்டது?" எண்டு. அவ தோளில ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டுப் போனா. எனக்கு வந்த கோவத்துக்கு, வீட்ட வந்து கராஜுக்குள்ளேயே கனநேரம் இருந்தனான். கண்ணெல்லாம் சிவந்து போச்சு. தூசி.

அங்கால தெரியுறது மலை. ஓம், மலைதான், உண்மையாத்தான். பேரில மவுண்ட் இருக்கு, ஊரில மலை இல்லையெண்டு பிள்ளையள் சறுக்கி விளையாட இவையே ஒண்டைக் கட்டினவை. கீழ குப்பை, மேல மண், அதுக்கு மேல புல்லு. தவமணி இதைக் கண்ட அண்டைக்குத்தான் கனடா வந்தாப் பிறகு முதல் தரம் சிரிச்சவ. "மலை எண்டால் முருகன் இருப்பார்" எண்டா. "குப்பையடி" எண்டன். "பழனியைத் தோண்டிப் பாத்தனியளோ" எண்டு கேட்டா.

வேல் ஒண்டு கொண்டு வந்தவ, கை நீளம். உச்சியில நட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கற்பூரம் கொளுத்தினவ. கொஞ்ச நேரத்தில சைரன் சத்தம். தீயணைப்பு வண்டி! நெருப்பெரியுதெண்டு ஆரோ சொல்லியிருக்கினம். குழாயை இழுத்துக்கொண்டு பன்ரெண்டு ஆம்பிளையள் மலையேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டு பாக்கினம். ஒரு கற்பூரக்கட்டி. தவமணி என்ன செய்தவ தெரியுமோ? தட்டை நீட்டிப்போட்டா. அந்தப் பன்ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்போட்டு, ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டுத் தொட்டுக் கும்பிட்டினம். சுண்டலும் வாங்கித் திண்டவை. அண்டையில இருந்து வெள்ளிக்கிழமை எண்டால் சுண்டலுக்கு ஆள் வரும். கடலை அவிச்சு அவிச்சு என்ர காஸ் முடியுது.

அடுத்த வாரமே படி வெட்டிப்போட்டினம். பிடிக்கக் கயிறும் கட்டினவை. பனிக்காலத்தில வெஸ் எண்டு ஒருத்தன், பனி தள்ளுற வண்டிக்காரன், அவன் வந்து படியைத் துப்பரவாக்கிப்போட்டுப் போறான். ஆரும் கேட்டவையோ? இவன் வெஸ், நாங்கள் சிட்டிக்குப் போற நாளில, பனி எண்டால், என்ர வாகனத்துக்கு முன்னால பனியைத் தள்ளிக்கொண்டு போவான். எனக்கு ஓட்டத் தெரியாது எண்ட மாதிரி! பெரிய றோட்டு வருமட்டும் போய், கையைக் காட்டிப்போட்டுத் திரும்புவான். ஒரு நாள் நிப்பாட்டி ஏசினன். சிரிக்கிறான். ஏச்சு விளங்கினால்தானே, தமிழில ஏசினனான்.

இப்ப அவவுக்கு ஏறேலாது. போன பனிக்காலம் முழுக்கச் சறுக்கு வண்டியில இருத்தி, கம்பளியால மூடி, நாலு பேர் இழுத்துக்கொண்டு மேல கொண்டு போனவை. மகாராணி மாதிரி. சறுக்கி விளையாடுற பிள்ளையள் பூசை முடியுமட்டும் ஓரத்தில நிக்குங்கள். நான் பின்னால சுண்டல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறன். என்ர மனுசியை இழுக்கிறதுக்கு என்னை ஒரு சொல்லுக் கேட்டவையோ? இல்லை. இதுதான் இந்த ஊர். ஒருத்தன்ர வீட்டு விசயத்துக்குள்ள தலை போடாமல் இருக்கத் தெரியாது.

இது ஆசுப்பத்திரி. உள்ளுக்க பிறகு டார்லின் கூட்டிக்கொண்டு போவா, ரிபனும் கேக்கும் வைச்சிருக்கிறா. அந்தா, கடைசி யன்னல். நீல விரிப்புப் போட்டு மூடியிருக்கே, அதுதான் மெஷின். வெள்ளிக்கிழமையளில ஒரு நேர்ஸ் வந்து விரிப்பை எடுத்துத் தூசி தட்டிப்போட்டுத் திரும்ப மூடுறவ. சும்மா நிக்கிற சாமானுக்குத் தூசி தட்டுறதுக்கு ஒரு ஆள்!

என்ன கேட்டனியள்?

ரொறொன்ரோவோ. ஓம், மகள் அங்கதான். கௌசி. ஸ்காபரோவில பெரிய வீடு, கீழ எங்களுக்கெண்டு அறை கட்டி வைச்சிருக்கிறாள். ஆசுப்பத்திரி வீட்டில இருந்து நடக்கிற தூரம். பேத்தி வேற இருக்கிறாள், ரெண்டு வயசு. கோயில் எண்டால் பக்கத்துப் பக்கத்தில, சண்டை பிடிச்சுப் பிடிச்சுக் கட்டினது. தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், தமிழ்ச் சாவீடு. எல்லாம் இருக்கு. கௌசி ஒவ்வொரு நாளும் போனில அழுறாள், "அப்பா, அம்மாவைக் கொண்டு வாங்கோ" எண்டு. பனி விழ முதல் டொக்டர் வராட்டிப் பாப்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

ஏன் போகேல்லையோ? இதென்ன கேள்வி பிள்ளை. மோட்டலை ஆர் வாங்குறது? ஊளையிடுற கையுறைக்குப் பக்கத்தில மோட்டல் எண்டு விளம்பரம் போடவோ? பிறகு சுண்டல். வெள்ளிக்கிழமை இவ்வளவு சனத்துக்கும் ஆர் அவிப்பான்? எலிவேட்டர் குழுவில நான்தான் செயலாளர், சும்மா பேருக்குத்தான், எண்டாலும் திடீரெண்டு விட்டிட்டுப் போகேலுமோ? வெஸ்ஸுக்கு மனுசியும் இல்லை, பின்னேரத்தில வந்து எங்கட குசினியில இருந்து கிரிக்கெட் விளங்காமல் பாக்கிறவன். ரொறொன்ரோவில எனக்கு ஆரைத் தெரியும்? அங்க றோட்டில ஒருத்தனுக்குக் கை காட்டினால் பைத்தியம் எண்டு நினைப்பான். இஞ்ச எதிரில வாற ஒவ்வொரு வாகனத்துக்கும் கை தூக்க வேணும், அலுப்பு, எண்டாலும் தூக்காட்டி என்னவோ மாதிரி இருக்கும்.

எனக்கு இந்த ஊர் பிடிக்குமெண்டு ஆர் சொன்னது? நான் எப்ப சொன்னனான்? நாளைக்கே போகலாம். நாளைக்கே! பெட்டி கூட இருக்கு. தவமணி எப்பவோ அடுக்கி வைச்சிட்டா, கட்டிலுக்குக் கீழ. சிட்டி ஆசுப்பத்திரியில மறிச்சால் உடுப்பு வேணுமெண்டு அடுக்கியிருப்பா. ஓம், அதுக்காகத்தான் இருக்கும். பேத்திக்குப் பின்னின சட்டையும் அதுக்குள்ளதான் கிடக்கு. வேற பெட்டி இல்லைத்தானே.

அவவுக்குக் களைப்புத்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. திரும்பி வரேக்க கண்ணை மூடிக்கொண்டு யன்னலில சாய்ஞ்சிடுவா. அந்த எலிவேட்டர் தூரத்தில தெரிய நான் தட்டி எழுப்பி, "ஊர் வந்திட்டுதப்பா" எண்டு சொல்லுவன். "ம்" எண்டுவா. அவ்வளவுதான். சந்தோசத்தில சொல்லுற "ம்"மோ, வேற "ம்"மோ, அதை ஆர் கண்டது?

அவவைக் கேட்டனானோ எண்டோ?

எதைக் கேக்கிறது?

முப்பத்தொரு வருசம் கட்டி இருக்கிறம் பிள்ளை. அவவுக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியாதோ? சோத்துக்கு என்ன கறி எண்டு கூட நான் கேக்கிறேல்லை, அவவும் கேக்கிறேல்லை, அப்படியொரு விளக்கம். கேள்வி கேக்கிறது பிற ஆக்களிட்ட.

இல்லை. கேக்கேல்லை.

நீங்கள் நிண்டால் அந்த மெஷின் ஓடும். மெஷின் ஓடினால் ஒருத்தரும் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. அதுக்குத்தான் பிள்ளை காலமையில இருந்து நல்லது மட்டும் சொல்லிக்கொண்டு வாறன். இந்த விசர் ஊரில என்னை விட்டு வையுங்கோ. எனக்கு வேற ஊர் இல்லை. சொல்லிப்போட்டன். டார்லினிட்டச் சொல்லாதேங்கோ.

இந்தா, மோட்டலுக்குப் பின்பக்கம் எங்கட வீடு வந்திட்டுது. நீல யன்னல் வீடு. தவமணி திரைச்சீலையை விலக்கிப் பாக்கிறா, பாத்தியளே? சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ. இறங்குங்கோ. படியில பாத்து.

நான் வரேல்லை. என்ஜினை நிப்பாட்டினால் திருப்பிப் பிடியாது, பழசு. நான் இதிலேயே இருக்கிறன். நீங்கள் டொக்டர்தானே, நீங்கள் கேக்கலாம். நிக்க விருப்பமோ, மகளிட்டப் போக விருப்பமோ எண்டு கேளுங்கோ. உங்களுக்கு எண்டால் உண்மையைச் சொல்லுவா.

பிள்ளை, இஞ்ச ஒருக்கா. வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டுக் கேளுங்கோ, இதில எனக்குக் கேக்கும்.